காலடிப்பேட்டைக்கு வந்த மலை ஜீப்பு

ஸ்பானர கீழ வை பாய். ரெடி பண்ண வாணாம்னு சொல்லத்தான் வந்தேன். ஆமா, வரதன் சம்சாரம் பச்சையம்மாதான். போன வாரம் அவரு கூட வந்து தோ அந்த டயர் மேல குந்திக்கினு இருந்தேனே. ஐய, வேற ஷெட்டுக்கு இட்டுகினு போவறதுக்கு இல்ல. கலீல் பாய்னாக்கா தண்டையார்பேட்ட பூரா நல்ல பேரு, உன் வேலைல ஒரு கொறையும் இல்ல. ஒரு மாசத்துல மூணு தபா சரி பண்ணிக் குட்த்த, மூணு தபாவும் ஷோக்கா ஓடிச்சி. அதான் பேஜாரே.

இனிமே அவரு அந்த வண்டில ஏறக்கூடாது பாய். அவ்ளோதான் மேட்டரு. ஏறினாரு, ஒருநாள் ஸ்கூல் வுடற நேரத்துல எந்தப் புள்ள மேலயாவது வுட்ருவாரோன்னு எனுக்கு சோறு எறங்கல.

குடியா? சேச்சே. தொட்டதே கெடையாது. இரு, சொல்றேன். எங்க புடிச்சி ஆரம்பிக்கறதுன்னு தெரியல. டீ வாணாம். செரி, ஊத்திட்டியா, குடு.

இத்த வாங்கும்போதே நான் தலபாடா அடிச்சிக்கினேன். ஊட்டில ஏதோ டீ எஸ்டேட்ல ஓடின வண்டியாம். வந்த மொத நாளு சீட்டுக்கு அடில பெருக்கினா, ஒரு புடி காஞ்ச எல வருது. யோவ், மலை ஏறற வண்டிய திருவொத்தியூர்ல வாங்கி வெச்சிக்கினு எங்கய்யா ஏத்தப் போற, கொடுங்கையூர் குப்ப மேட்லயான்னு கேட்டேன். சிரிச்சாரு. முப்பத்திரண்டு வருசம் அடுத்தவன் வண்டிய ஓட்டியாச்சி பச்ச, சாவறதுக்குள்ள சொந்தமா ஒரு ஸ்டீரிங்கு புடிச்சிக்கறேன்னாரு.

டிரைலரு டிரைவரு பாய் அவரு. மணலி யார்டுலேர்ந்து ஹார்பருக்கு கன்டெய்னர் பொட்டி அடிச்சவரு. நாப்பதடி நீளம், அத்த ஒத்தக் கையில வளைப்பாரு. இந்த வருசப் பொங்கலோட போதும்னு நின்னுட்டாரு. ஒம்போது மாசம் வூட்ல சும்மா குந்தி சுவத்தப் பாத்தாரு. ஆயுத பூசைக்கு முந்தின வாரம் இது வந்திச்சி. மனுசன் மூஞ்சில அன்னிக்குதான் வெளிச்சம் பாத்தேன்.

பேஜாரு இல்லாம இல்ல. எங்க சந்து உனுக்குத் தெரியுமே, ஆட்டோ வந்தாலே கோலத்த அழிச்சிட்டுப் போவும். இத்த நிறுத்தினா தண்ணி லாரி உள்ள வர முடியல. எதிர்வூட்டு தேவப்பிரியம் அக்கா குடத்த இடுப்புல வெச்சிக்கினு என் மூஞ்சியவே பாக்குது. அப்பால கல்யாண மண்டபத்தாண்ட எடம் பாத்து வெச்சோம். எனுக்கு முட்டி வலி வேற, அவ்ளோ ஒசரம் ஏற முடியல. அவரே ஒரு தக்காளி டிரேவ கவுத்துப் போட்டு, கையப் புடிச்சி ஏத்தி வுடுவாரு. கல்யாணத்தன்னிக்கு கூட அப்டி கையப் புடிச்சதில்ல. மேல குந்தினா பஸ்சுல போறவன் தல தெரியும். எனுக்கும் கொஞ்சம் கெத்தாதான் இருந்திச்சி, பொய் சொல்லக்கூடாது. கியரு பக்கத்துல சின்னதா இன்னோரு கியரு கீது பாரு, அத்தப் போட்டா நாலு சக்கரமும் இழுக்கும்னு மழைல ஜோதி நகரு தண்ணில போட்டுக் காமிச்சாரு. ரெண்டு பக்கமும் காரெல்லாம் நின்னு போயி கீது, நாங்க பாட்டுக்கு போறோம். புதுசா கட்டிக்கினவன் மாரி என்னைத் திரும்பிப் பாத்து கண்ணடிக்கிறாரு.

அப்பால ஒண்ணு கவனிச்சேன். எங்க சந்துல லெப்டு திரும்பணும்னா, இவரு மொதல்ல ரைட்டுல அந்தக் கோடி வரைக்கும் போறாரு. போயி, அங்கேர்ந்து வளைக்கிறாரு. இட்லிக் கடை வேம்பு அடுப்பத் தூக்கிக்கினு ஓடுது. பின்னால நாப்பதடி பொட்டி வர்ற நெனப்பு! பழக்கதோஷம்னு நானும் சிரிச்சேன், சந்தே சிரிச்சிச்சி. இன்னோரு நாளு ரிவர்ஸ் எடுக்கணும். எறங்கிப் போறாரு. வண்டி எங்க முடியுது, இவரு எங்க போறாரு! இருவது எட்டு நடந்து போயி, ஒண்ணுமே இல்லாத எடத்துல குனிஞ்சி அடியில பாத்துட்டு, செரியா கீதுன்னு தலைய ஆட்டிக்கினு வர்றாரு. அன்னிக்கு நான் சிரிக்கல.

வித்துடறதா? நீ சொல்லிட்ட பாய். காத்தால எந்திரிச்சா பல்லு கூட வெளக்காம அத்தத் தொடைக்கத்தான் போறாரு. அத்த வித்தா மனுசன் திரும்பவும் சுவத்தப் பாத்து குந்திக்குவாரு.

எலியா? தெரியும், நீ இத்த கேப்பன்னு தெரியும். எலி கடிச்சா வயரு பிச்சிப் பிச்சி இருக்கும், இது அறுத்தாமாரி கீதேன்னு அன்னிக்கே சொன்ன. எங்க சந்து எலி பெருச்சாளி சைசு பாய்ன்னு நான் டபாய்ச்சேன். நீயும் செரின்னு தலைய ஆட்டின, ஆனா நம்பல. மீனு அரியற கத்திரிக்கோலு பாய். நான்தான்.

ஆமா, அந்த மூணு தபாவும் நான்தான், இப்பவும் நான்தான். மத்தியானம் துன்னுட்டு அவரு கண்ண மூடற நேரமாப் பாத்துப் போவேன். மொத தபா பேட்டரி வயர கயட்டி வுட்டேன், அவ்ளோதான். டிரைவராச்சே, ஒரு நிமிசத்துல கண்டுபுடிச்சி என்னைத் திட்டுவாருன்னு நெனச்சேன். பானட்ட தொறந்தாரு. வயரு கயண்டு தொங்குது, கண்ணுக்கு நேரா. பாத்துகினே நின்னாரு. அரமணி நேரம் நின்னாரு பாய். அப்பால மூடிட்டு, இன்னான்னே தெரியல பச்ச, கலீல் பாயாண்ட காட்டணும்னாரு. அந்த வயர மாட்டத்தான் நீ உன் ஆட்டோல வந்த.

இன்னாத்துக்கு செஞ்சன்னு கேளு. ஒரு ஞாயித்திக்கெழம பொண்ணு வூட்டுக்குக் கெளம்பினோம். சங்கமித்ராதான், மாதவரத்துல கீறா. அவளுக்கு நெத்திலி வறுத்து டப்பால எடுத்துக்கினேன். மாதவரம் போறதுக்கு எண்ணூர் ரோடு இன்னாத்துக்கு? போனாரு. அங்க ஹார்பர் கேட்டுக்குப் போற டிரைலரெல்லாம் லைன் கட்டி நிக்கும்ல, அதுல பூந்து நின்னுக்கினாரு. முன்னால பொட்டி, பின்னால பொட்டி, நடுவுல நானும் அவரும் நெத்திலியும். லைன் ஒரு வண்டி நவுந்தா இவரும் நவுந்துட்டு இஞ்சின ஆப் பண்றாரு. நல்ல வெயிலு. ரெண்டு மணி நேரம் பாய். வெளையாடறாருன்னு நெனச்சேன் மொதல்ல.

யோவ், இன்னாய்யா இது, பொண்ணு காத்துகினு கீறான்னு தோள புடிச்சி உலுக்கினேன். திரும்பி என்னைப் பாத்தாரு. நீங்க யாரும்மான்னாரு. பொம்பளைங்கள ஏத்திக்கினு கேட்டாண்ட போனா பாஸ புடுங்கிடுவாங்கம்மா, உங்களுக்கு எங்க எறங்கணும்னாரு. முப்பது வருசமா வாடி போடிதான் பாய். அன்னிக்கு வாங்க போங்கன்னு பேசறாரு, மரியாதையா.

பின்னால ஆரன் அடிச்சிக்கினு இருந்தவன் எறங்கி வந்தான். பாத்தா அன்பரசன், இவரு கூட ஓட்டனவன். அண்ணின்னு என்னைத் தனியா கூப்ட்டு சொல்றான், ரெண்டு தபா பொட்டிய வேற யார்டுல எறக்கிட்டாரு, அதான் கம்பெனில வாணாம்னுட்டாங்க, உங்களாண்ட சொல்லலியான்னு. அவரே போதும்னு நின்னுட்டாருன்னு நான் ஊரெல்லாம் சொல்லிக்கினு கீறேன்.

அன்பரசன்தான் லைன ஒதுக்கி வெளிய எடுத்து வுட்டான். நான் ஓட்டறேன்னு அவன் சொன்னதுக்கு இவரு சாவிய குடுக்கல. எங்க எறங்கணும்னு என்னை மறுபடியும் கேட்டாரு. காலடிப்பேட்டைங்கன்னேன். அவ்ளோ நிதானமா ஓட்டினாரு. சந்து மொனைல நிறுத்தி, டிரேவ எடுத்துப் போட்டு எறக்கி வுட்டு, வூட்ல யாராச்சும் கீறாங்களாம்மான்னு கேட்டாரு. எங்கூட்டுக்காரரு வருவாருங்கன்னேன். செரிம்மா, பாத்துப் போங்கன்னாரு. நான் உள்ள போயி கதவாண்ட நின்னு அழுதேன். அரமணி கழிச்சி அவரு உள்ள வந்து, இன்னாடி சோறு போடாம நின்னுக்கினு கீறன்னாரு.

காட்டாம இருப்பனா? பெரியாஸ்பத்திரில காட்டியாச்சி. தலைய படம் புடிச்சாங்க, மாத்திர குட்த்தாங்க. இது சரியாவற வியாதி இல்ல, தள்ளித்தான் போடலாம், வண்டிய மட்டும் தொடவே கூடாதுன்னுட்டாரு டாக்டரு. சாவிய அரிசி டின்னுல ஒளிச்சிப் பாத்தேன். வூட்டையே பெரட்டிப் போட்டு, பூட்டு ரிப்பேருகாரன கூட்டியாந்து வேற சாவி போட்டுட்டாரு. நீ ரெடி பண்ணிக் குட்த்தா மறுநாளே கெளம்பிடுவாரு. நான் போட்டது போட்டபடி வுட்டுட்டு கூட ஓடிப்போயி ஏறிக்குவேன். எத்தினி நாளைக்கு ஓடுவேன் சொல்லு.

சொன்னேன் பாய். சொல்லாம இருப்பனா? பக்கத்துல குந்த வெச்சி, கையப் புடிச்சிக்கினு, டாக்டரு இப்டி சொல்லிட்டாருய்யா, இனிமே நீ வண்டி எடுக்கக் கூடாதுன்னேன். அழுதாரு. அவரு ஆத்தா செத்தப்ப கூட அப்டி அழல. செரி, அழுது முடிச்சிட்டாரு, மனசு தேறிடும்னு இருந்தேன். மறுநா காத்தால துணிய எடுத்துக்கினு வண்டி தொடைக்கக் கெளம்பறாரு. நேத்து சொன்னது ஒண்ணுமே மண்டைல இல்ல. மறுபடியும் குந்த வெச்சி சொன்னேன். இப்பதான் கேக்கறாமாரி கேட்டாரு. அதே அழுகை. நாலு நாளு சொன்னேன், நாலு நாளும் அழுதாரு. எனுக்கு அது அஞ்சாவது தபா பாக்க தெம்பு இல்ல பாய். போயி வயர கயட்டிட்டேன்.

வண்டி இன்னும் ரெடி ஆவலன்னு அவராண்ட பொய் சொல்ல மனசு வரலியா? எனுக்கு மட்டும் வருதா? எடம் அடைக்கும், தெரியும். ஒரு ஓரமா நிக்கட்டும். பானட்ட தொறந்தே வை. நாலு மணிக்கு மேல நடந்து வருவாரு, எப்ப ரெடின்னு கேப்பாரு. நாளைக்கின்னு சொல்லு. சிரிச்சிக்கினே வூட்டுக்கு வந்து, பச்ச, நாளைக்கு வண்டி வந்துரும், பொண்ணு வூட்டுக்குப் போலாம்னுவாரு. நாளைக்கு திரும்ப வருவாரு. அப்பவும் நாளைக்கின்னே சொல்லு. கோச்சிக்க மாட்டாரு பாய், அவருக்கு அது மொத தபாதான்.