தெரிந்தவரைக் கேட்டு வரவும்

நான் வழி சொல்வதில் கெட்டிக்காரன். இந்தப் பியோரியா ஊரில் எந்த வீட்டுக்குப் போகவேண்டும் என்று கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன். நீங்கள்கூட நான் போனில் சொன்ன வழியில்தானே வந்து சேர்ந்தீர்கள். காப்பி ஆறுகிறது, குடியுங்கள்.

மார்னி கெஸ்லரின் இசைக்குழு வெளியிட்ட ஒரே கேசட்டைத் தேடி வந்திருக்கிறீர்கள். யாரிடமாவது இருந்தால் எனக்குத்தான் தெரிந்திருக்கும் என்று மார்னியே சொல்லி அனுப்பினாளாம். குழுவின் பெயர் 'மன்னிக்கணும், மிஸஸ் ஹாலரன்'. சத்தம் தாங்காமல் வந்து கதவை இடித்த பக்கத்து வீட்டம்மாவின் பெயர் அது. ஈமோ என்று சொல்கிற, மனசைப் பிழியும் ராக் இசைக் குழுக்களே அப்படித்தான். பெயர் சிரிக்கவைக்கும், பாட்டு அழவைக்கும். அந்த இசை செத்துப்போனது என்று எல்லாரும் கைகழுவிய பிறகு மறுபடி முளைத்த காலம். முப்பது வயதில், முழுத் தாடியோடு, அவர்கள் வாசித்த பேஸ்மென்டில் வாஷிங் மெஷினைக் கட்டிக்கொண்டு நான் அழுதிருக்கிறேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்ததால் நான் குலுங்கியது வெளியே தெரியவில்லை.

அப்போதெல்லாம் வீட்டு பேஸ்மென்டில் நடக்கும் கச்சேரிக்கு நோட்டீஸில் முகவரி போடமாட்டார்கள். போட்டால் போலீஸ் வரும், வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வார். 'தெரிந்தவரைக் கேட்டு வரவும்' என்று மட்டும் இருக்கும். பியோரியாவில் அந்தத் தெரிந்தவர் நான்தான். கிதார் கம்பி விற்கும் கடையில் வேலை பார்த்தேன், நோட்டீஸும் அங்கேதான் ஒட்டியிருக்கும். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே பதவி அது.

ஒருநாள் ஒரு கல்லூரிப் பையன் வந்து வழி கேட்டான். "இவங்க சீக்கிரம் பெரிய ஆளாயிடுவாங்க, பாத்துட்டே இருங்க," என்றான், ஏதோ அவன்தான் கண்டுபிடித்த மாதிரி. எனக்கு வயிறு எரிந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு தெருவைச் சொல்லி அனுப்பினேன். அடுத்து வந்தவர்களிடம் கச்சேரி ரத்து என்றேன். பிறகு அது பல் தேய்ப்பதுபோல் பழகிவிட்டது. கூட்டம் வந்தால் பீரைச் சிந்துவார்கள், பாட்டின் மெல்லிய இடத்தில் இருமுவார்கள். நான் அந்தப் பாட்டைப் பாதுகாத்தேன், அவ்வளவுதான்.

காலி பேஸ்மென்டைப் பார்த்து மார்னி ஒவ்வொரு முறையும் சிரிக்க முயல்வாள். ஒருமுறை ஆம்ப்ளிஃபயர்மேல் உட்கார்ந்துகொண்டு சொன்னாள்: "லைல், நீ ஒருத்தனும் வரலேன்னா நாங்க எப்பவோ மூட்டை கட்டியிருப்போம்டா." அன்று வீடு போய்ச் சேரும்வரை எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

கேசட் வந்ததும் தனக்கு ஒன்றிரண்டை வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் என் கடையில்தான் விற்கக் கொடுத்தாள். வாங்க வந்தவர்களிடம் இன்னும் வரவில்லை என்றேன். அவளிடம், ஒருத்தரும் கேட்கவில்லை என்றேன். பெட்டி என் கட்டிலுக்கடியில் பத்திரமாக இருந்தது. கேசட் தீர்ந்த பிறகு இணையத்தில் போடலாம் என்று யோசனை சொன்னதும் நான்தான். தீரவேயில்லை.

கடைசியில் சிகாகோவிலிருந்து ஒரு இசைத்தட்டுக் கம்பெனிக்காரர் அவர்களைக் கேட்க வருவதாக இருந்தது. "இதுவும் நடக்கலேன்னா கிதாரை வித்துடுவேன், லைல். அவர் உன் கடைக்குத்தான் வருவார். வழி சொல்லிடு," என்றாள். சொன்னேன். வெள்ளிக்கிழமை, இறைச்சி தொடாத நாள் என்பதால் தேவாலயக் கூடத்தில் மீன் வறுவல் விருந்து நடந்துகொண்டிருந்தது. அங்கே அனுப்பினேன். வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, ஏமாற்றிவிட்டார்கள் என்ற கோபத்தோடு சிகாகோ திரும்பினாராம். அதற்குப் பிறகு மார்னியின் போனை அவர் எடுக்கவில்லை. அன்று அவள் பாதிப் பாட்டில் நிறுத்தி, கிதாரைப் பெட்டியில் வைத்து மூடினாள். நான் கைதட்டினேன். யாராவது தட்டவேண்டுமே.

போன வருடம் மார்னி இங்கே வந்தாள். நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலிதான். தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்து குரல் போய்விட்டது, வெறும் காற்றாகத்தான் பேசினாள். தன்னிடம் இருந்த ஒன்றிரண்டு கேசட்டுகளைக் கிதாரை மூடிய அன்றே குப்பையில் போட்டிருந்தாள். பதிவு செய்தவனின் கம்ப்யூட்டரும் எப்போதோ பழுதாகிவிட்டது.

"நான் பாடிட்டிருந்தேன்னு சொன்னா என் பொண்ணு நம்பமாட்டேங்கறா, லைல். ஒரே ஒரு கேசட் இருக்கா? அவ ஒரு தடவை கேட்டா போதும்."

இல்லை என்றேன். பெட்டி அடுத்த அறையில் இருந்தது. எடுத்துக் கொடுக்க மனம் வந்ததுதான், கால் எழவில்லை. அந்தப் பெண் கேட்பாள், பிறகு தன் தோழிகளுக்குப் போட்டுக்காட்டுவாள் என்று தோன்றியது. மார்னி என்னைக் கட்டிக்கொண்டாள். "பரவால்லடா. நீ ஒருத்தன்தான் எப்பவும் வந்தே," என்றாள்.

அவள் போனதும் எனக்குப் பயம் பிடித்தது. இன்னொரு முறை வந்து கேட்டால் கொடுத்துவிடுவேன், என் மனசு இளகிய மனசு. ஆகவே ஒன்றைமட்டும் வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் கொல்லையில் போட்டுக் கொளுத்தினேன். பிளாஸ்டிக் நாற்றம் போக வெகுநாள் ஆயிற்று. அழுதேன், வழக்கம்போல.

மிச்சம் இருக்கும் ஒன்று இதோ. உங்கள் கருவியில் போட்டுப் பாருங்கள். தினமும் ஓட்டி ஓட்டி நாடா தேய்ந்துவிட்டது, வெறும் இரைச்சல்தான் வருகிறது என்பீர்கள். எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்கிறது. காது கொடுத்துக் கேட்க ஒரு ரசிகனாவது அவளுக்குக் கடைசிவரை வாய்த்தான் என்று மார்னியிடம் சொல்லுங்கள்.