உளுந்து அடித்த ஹைப்ரிட் கார்

திருக்காட்டுப்பள்ளியிலிருந்து தஞ்சாவூர் போகிற பஸ்ஸில் என் முன்சீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவர் மடியில், செய்தித்தாளில் சுற்றிய ஏதோ பொருள்.

"உளுந்து அடிச்சதுல கார் சென்சார் போச்சு" என்றார் அவர். நான் இயர்போனைக் கழற்றிவிட்டேன்.

"காரை வச்சா உளுந்து அடிச்சீங்க, அக்கா?"

"ரோட்டுல செடியப் பரப்பிட்டா போற வர்ற வண்டியே அடிச்சுக் குடுத்துடும். அன்னைக்குன்னு ஒரு வண்டி வரல. மழை வேற வர்ற மாதிரி இருந்துச்சு. தம்பியோட ஹைப்ரிட் கார் சும்மாதான நிக்குதுன்னு நானே இருபது தடவ ஏத்தி எறக்குனேன். செடி வண்டிக்கு அடியில சுத்திக்கிட்டு, புகைக்குழாய் சென்சாரோட ஒயர அறுத்துடுச்சு."

"தம்பி நாளைக்கு துபாய்லேர்ந்து வர்றாருல்ல?"

"அதான் இன்னைக்கே புதுசு மாட்டணும். மெக்கானிக் இந்தப் பழசக் காட்டி வாங்கிட்டு வரச் சொன்னாரு."

"தம்பிக்குத் தெரியாமலே முடிச்சிடலாம்ங்கிறீங்க."

"அப்புடித்தான் நெனச்சேன். மனசு கேக்கல. காலையில போன்ல சொல்லிட்டேன்."

"திட்டுனாரா?"

"இல்ல. 'உளுந்து முழுசா உதிர்ந்துச்சாக்கா'ன்னு கேட்டான்."