மாப்பிள்ளை மட்டும் மங்கல்

ஃபேனுக்குக் கீழ உக்காருங்க அத்தை. ஆம்பூர் வெயில்ல இந்த ஸ்டுடியோவே வேகுது. கல்யாண ஆல்பத்த மடியில வச்சுக்காதீங்க, கனம். மேசை மேல வைங்க.

உங்க பையன் ஜீவா ஒரு போட்டோலகூட தெளிவா இல்லன்னு நீங்க கேக்கறது நியாயம்தான். என் தங்கச்சி நிஷாவோட கம்மல் கல்லக்கூட எண்ணலாம். பக்கத்துல நிக்கற மாப்பிள்ளை பனிமூட்டம் மாதிரி இருக்காரு.

கல்யாணத்துக்காகத்தான் புது லென்ஸ் வாங்கினேன். சர்ச்சுக்குள்ள வெளிச்சம் கம்மி, ஃபிளாஷ் அடிச்சா ஃபாதருக்குப் பிடிக்காது. அதனால ஜூம் இல்லாத, வெளிச்சம் உள்ள வர்ற துவாரம் நல்லா அகலமா திறக்கற லென்ஸ் வேணும். என்கூட வேலை செய்யற ஹேமந்த், "அம்பது எம்.எம். போதும் மெர்சி, ரெண்டு பேருமே நல்லா விழுவாங்க"ன்னான். சரியான யோசனை. அதனாலதான் அத வாங்கல.

சென்னையில கடைக்குப் போய், ரெண்டு தண்ணி பாட்டில முன்னும் பின்னுமா நிக்க வச்சு ஒவ்வொரு லென்ஸா மாட்டிப் பாத்தேன். அம்பதுல பின்னாடி இருந்த பாட்டில் பாட்டிலாவே இருந்தது. எண்பத்தஞ்சு எம்.எம். லென்ஸ மாட்டி துவாரத்த முழுசா திறந்ததும், பின்னாடி பாட்டிலோட மூடி, லேபிள் எல்லாம் கரைஞ்சு போச்சு. "இவ்ளோ திறந்தா ஒருத்தர்தான் தெளிவா வருவாங்க மேடம், ஜோடின்னா கொஞ்சம் மூடிக்கோங்க"ன்னாரு கடைக்காரர். நல்ல மனுஷன். பில் போடுங்கன்னேன்.

தவறிப் போச்சான்னு கேக்கறீங்க. இல்ல அத்தை. நான் ஷூ கம்பெனி கேட்டலாகுக்குப் படம் எடுக்கறவ. ஷூவோட மூக்குல இருந்து குதிகால் வரைக்கும் தையல் தையலா தெரியலன்னா திருப்பி அனுப்பிடுவாங்க. லென்ஸ் துவாரத்த எப்ப மூடணும்னு எனக்குத் தெரியும்.

ஒவ்வொரு தடவையும் "ஜீவா, கொஞ்சம் பின்னாடி"ன்னு சொன்னேன். உடனே நகர்ந்தாரு. நல்லா வளத்திருக்கீங்க. விருந்து போட்டோவப் பாருங்க, பிரியாணி அரிசி ஒவ்வொண்ணும் தனித்தனியா இருக்கும். ஊட்டி விடறவர்தான் யாருன்னு தெரியாது. மத்தவங்க போன்ல எடுத்திருப்பாங்களேன்னு பாத்தீங்களா? வாசல்லயே எல்லார் போனையும் வாங்கி ஒரு கூடையில வச்சிட்டேன். இப்ப அதான் ஃபேஷன்னு சொன்னேன். உங்க போன நீங்களே சந்தோஷமா குடுத்தீங்க.

கோவமெல்லாம் இல்ல. போன வருஷம் நீங்க பொண்ணு பாக்க வந்தது என்னைத்தான். நிஷா டீ தட்டோட உள்ள வந்தா. ஜீவா கண்ணு அவ மேல நின்னுடுச்சு, பக்கத்துல இருந்த நான் மங்கிட்டேன். மறுநாள் நீங்க போன் பண்ணி, "சின்னவளக் குடுப்பீங்களா"ன்னு கேட்டீங்க. வீட்ல எல்லாரும் என்னையே பாத்தாங்க. நாந்தான் முதல்ல சரின்னேன்.

ஆல்பத்தப் பாத்து நிஷா அழுதா. அது கஷ்டமாத்தான் இருந்தது. ஜீவா பாவம், தன் கண்ணுதான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சு வேலூர் போய் டாக்டரப் பாத்தாரு. கண்ணு நல்லா இருக்குன்னு சொல்லிட்டாரு. நம்பாம இன்னொரு டாக்டர்கிட்டப் போனாரு. அந்த டாக்டர் பேர நான்தான் குடுத்தேன்.

வேணும்னுதான் செஞ்சேன் அத்தை. இதுக்காகவேதான் அந்த லென்ஸயும் வாங்கினேன். ஆனா அவர் மேல எனக்கு ஒண்ணும் இல்ல, அத நீங்க நம்பணும்.

அதே லென்ஸ்ல அவர் தெளிவா விழுந்த படம் ஒண்ணு இருக்கு. கல்யாணத்துக்கு முந்தி ஏலகிரியில அவங்க ரெண்டு பேரையும் படம் எடுக்கப் போனப்ப, நிஷா புடவை மாத்தப் போயிருந்தா. என்னைப் பாத்து சிரிச்சாரு. கண்ணிமை முடிகூட ஒவ்வொண்ணா தெரியும். என் போன்லயே வச்சிருக்கேன். லென்ஸ்ல ஏதாவது குறை இருக்கான்னு அப்பப்ப பாக்கணும் இல்லையா. தினமும் பாக்கறேன். ஒரு குறையும் இல்ல.