எரியோட்டுக் கிணற்றுக் காகிதம்

வெயில் காலத்தில் எங்கள் ஆபீஸ் ரிக்கார்டு ரூமைப் போலக் குளிர்ச்சியான இடம் திண்டுக்கல்லில் வேறு கிடையாது. சுவர் அவ்வளவு கனம். சன்னல் இல்லை, காற்றுக்கு மேலே சின்னத் துவாரங்கள் மட்டும். பழைய காகித வாசனை மற்றவர்களுக்குத் தும்மலைக் கொடுக்கும், எனக்குப் பசியைக் கொடுக்கும். இன்ஸ்பெக்டர் ஐயா கேட்பதால் சொல்கிறேன்: அந்த அறையில் நடந்த எதையும் நான் கோபத்தில் செய்யவில்லை. யாரை வேண்டுமானாலும் விசாரியுங்கள், சடையாண்டி கோபப்பட்டுப் பார்த்ததில்லை என்றுதான் சொல்வார்கள்.

ஆட்சிமொழி தமிழ் என்று சட்டம் வந்த பிறகு மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. வேறு மொழியில் கிடக்கும் பழைய நில ஆதாரங்களை எல்லாம் தமிழில் பெயர்த்து வைக்க வேண்டும். இங்கிலீஷுக்கு ஆள் இருந்தது, தெலுங்குக்கும் இருந்தது. கும்பினிக் காலத்துக் கணக்கர்கள் மராட்டியில் எழுதிவிட்டுப் போன கட்டுகளுக்குத்தான் ஆள் இல்லை. அதிகாரி மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு ரூமுக்குள் வந்தார்.

"ஏம்ப்பா, இந்த எழுத்து உனக்குத் தெரியுமா?"

நாள் தவறாமல் என் கண்முன்னால் கிடக்கிற எழுத்து. "தெரியுங்கய்யா" என்றேன். நன்றாகவே தெரிந்தது, என் கண்ணில் எந்தக் கோளாறும் இல்லை. அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை. அவருக்கு வேண்டியிருந்தது மொழிபெயர்ப்பாளர் என்று எழுதியிருக்கும் இடத்துக்கு ஒரு கையெழுத்து.

கட்டுகளைத் தேடி எடுப்பது லேசான வேலை இல்லை. அறைக்குள் அறை, அலமாரிக்குள் பெட்டி, பெட்டிக்குள் கட்டு, கட்டுக்குள் இன்னொரு கட்டு. ஊர்வாரியாக அடுக்கியவர் ஒருவர். அதை வருசவாரியாக மாற்றியவர் இன்னொருவர். கறையானுக்குப் பயந்து எல்லாவற்றையும் கலைத்து மேல்தட்டில் ஏற்றிவிட்டு ரிட்டயர் ஆனவர் வேறொருவர். நான் ஓர் அடையாளம் வைத்துக்கொண்டேன். பக்கத்துக்குக் குறுக்கே நீளமாக ஒரு கோடு ஓடும்; அதன்மேல், தந்திக் கம்பியில் குருவிகள் உட்கார்ந்த மாதிரி எழுத்துகள். கோடு இருந்தால் எடு, இல்லாவிட்டால் தள்ளு.

முதலில் வந்தது ரெட்டியார்சத்திரம் பக்கத்து வாய்க்கால் தகராறு. இரண்டு ஊர் ஆட்களும் என் மேசையைச் சுற்றி நின்றார்கள். காகிதத்தை வெகுநேரம் பார்த்தேன். பிறகு, மேலூருக்கு ஒருநாள், கீழூருக்கு ஒருநாள் என்று எழுதியிருப்பதாகச் சொன்னேன். நியாயமான காகிதம் வேறென்ன சொல்லும்? இரண்டு தரப்பும் கும்பிட்டுவிட்டுப் போனது. அதிகாரிக்கு மேலிடத்திலிருந்து பாராட்டு வந்தது.

அன்றிலிருந்து அதுவே என் முறை. முதலில் ஆட்களைப் பார்ப்பேன், பிறகு காகிதத்தைப் பார்ப்பேன். காகிதம் செத்துப்போன கணக்கன் எழுதியது. மனுசன் உயிரோடு எதிரே நிற்கிறான். இரண்டில் எதைப் படிப்பது பொருத்தம்? எவரிடமும் ஒரு வெற்றிலைகூட வாங்கியதில்லை. அடக்கமாக நின்றவர்களுக்குக் காகிதம் சாதகமாக இருந்தது, அவ்வளவுதான்.

எரியோடு ஊர்ப் பேச்சாயி அடக்கமாக நிற்கவில்லை.

புருசனை இழந்தவள். கொஞ்சம் மல்லிகை, கொஞ்சம் கத்திரி, நடுவில் ஒரு கிணறு. பக்கத்துத் தோட்டத்துச் சுருளிவேல் கிணறு தன்னுடையது என்று மனுக் கொடுத்திருந்தார். அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, நான் நிமிரும்வரை வாய் திறக்காமல் நின்றார். நான் காகிதத்தைப் படித்து, கிணறு சுருளிவேலின் முன்னோர் வெட்டியது என்றேன்.

"எங்க மாமனாரோட அப்பாரு வெட்டுன கெணறுய்யா அது" என்று பேச்சாயி மேசையில் கையை ஊன்றினாள். "அம்புட்டு எழுத்துல எங்க வீட்டு ஆளு பேரு ஒண்ணுகூட இல்லைங்கிறீகளா? இன்னொருக்கா வாசிங்க. ஒவ்வொரு எழுத்தா வெரல வச்சு வாசிங்க."

விரலை வைத்து வாசி என்று ஓர் அரசாங்க ஊழியனிடம் சொல்லக் கூடாது. நான் மனுவை முடித்துவைத்தேன். அந்தக் கோடையில் அவளுடைய மல்லிகைச் செடிகள் காய்ந்துபோயின என்று கேள்விப்பட்டேன். சுருளிவேல் தோட்டத்தில் நல்ல விளைச்சல். ஆக மொத்தத்தில் தண்ணீர் வீண்போகவில்லை.

அவள் அத்தோடு விட்டிருக்கலாம். விடாமல் ராயப்பராஜைத் தேடிப் பிடித்துவிட்டாள். அவர் தஞ்சாவூரில் நெடுங்காலம் வாத்தியாராக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். அங்கே ஒரு மராட்டிக் குடும்பத்தோடு பழகி அந்த எழுத்தைக் கற்றவராம். அவரை வைத்துப் படித்துப் பார்க்கச் சொல்லி மனு. அதிகாரி என்னைக் கூப்பிட்டு, மராட்டிக் கட்டு ஒன்று விடாமல் தேடி ஒரே இடத்தில் சேர்க்கச் சொன்னார்.

அந்தத் தேடலை நான் பெருமையோடு நினைத்துக்கொள்கிறேன். ஒரு பெட்டி, ஒரு மூலை விடவில்லை. அதுவரை கண்ணில் படாத கட்டுகள்கூடக் கிடைத்தன. எல்லாவற்றையும் உள்ளறையில் குவித்தேன்.

ராயப்பராஜ் வந்தார். வயதானவர், வெள்ளை ஜிப்பா, மெல்லிய குரல். நான் எரியோட்டுக் காகிதத்தை எடுத்து முன்னால் விரித்தேன். அவர் அதைத் தலைகீழாகத் திருப்பினார். குருவிகள் எல்லாம் வௌவால்களாகத் தொங்கின.

"கோடு மேல வரணும் தம்பி" என்றார். "எழுத்து அதுலருந்து தொங்கும். நீங்க யாருகிட்டப் படிச்சீக?"

"சொந்தமாத்தான்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. செத்த நேரம் படித்துவிட்டு, "கெணறு அந்தம்மா குடும்பத்துதுதான், தெளிவா எழுதிருக்கு" என்றார். பிறகு மற்றக் கட்டுகளைப் பார்த்தார். "இதையெல்லாம் நீங்கதான பெயர்த்தீக? வாங்க, ரெண்டு பேருமா ஒண்ணொண்ணாச் சரிபார்த்துருவோம். தப்பு யாருக்கும் வரும்."

யோசித்துப் பாருங்கள் ஐயா. எத்தனை ஊர்கள், எத்தனை குடும்பங்கள். வாய்க்காலும் வரப்பும் என் தமிழை நம்பி அமைதியாக இருந்தன. இந்த மனிதர் ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டால் ஊர் ஊராக வெட்டுக்குத்து நடக்கும். பொது அமைதி என்று ஒன்று இருக்கிறது.

பூச்சிக்கு வேப்பிலைப் புகை போடுவது எங்கள் வழக்கம். கங்குச் சட்டியை உள்ளறையில் கட்டுகளுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் குனிந்து படித்துக்கொண்டிருந்தார். "நல்ல வாசனை தம்பி" என்றார். கறையானுக்காக அலமாரிக் கால்களை மண்ணெண்ணெய்க் கிண்ணங்களில் நிறுத்தியிருந்தோம். அதில் ஒரு கிண்ணம் கவிழ்ந்தது. நான்தான் கவிழ்த்தேன். வெளியே வந்து கதவைப் பூட்டினேன். ரூமை விட்டு வெளியே போகும்போது பூட்ட வேண்டும் என்பது விதி. உள்ளே ஆள் இருந்தால் என்ன செய்வது என்று விதியில் இல்லை. பூட்டு நம்ம ஊர்ப் பூட்டு.

சாப்பாட்டு வேளை. தூக்குவாளியைத் திறந்தேன். பியூன் கருப்பணன் வந்து நின்றான்.

"அண்ணே, உள்ள ஆரோ கூப்புடுறாப்புல இருக்கே?"

"எலி. நீ போயித் தபாலக் குடுத்துட்டு வா."

போய்விட்டான். ராயப்பராஜ் முதலில் கதவைத் தட்டினார், பிறகு இடித்தார். என்னைத் திட்டவில்லை என்பதை அவருக்காகச் சொல்லியாக வேண்டும். கதவடியில் ஒரு காகிதம் வெளியே நகர்ந்து வந்தது.

"தம்பி, இருக்கீகளா? அந்தம்மா காயிதம். இதையாவது எடுத்துக்கங்க, கருகிரப் போகுது" என்றார் இருமலுக்கு நடுவே.

எடுத்துக்கொண்டேன். சாவி என் இடுப்பில் இருந்தது. நான் சாப்பிட்டு முடித்தேன்.

இதுதான் அந்தக் காகிதம். இத்தனை நாளும் சட்டைப் பையில் பத்திரமாக வைத்திருந்தேன். அரசாங்க ஆவணத்தை அழிக்க எனக்கு அதிகாரம் கிடையாது. ராயப்பராஜ் இதை ஒரே ஒருமுறைதான் பார்த்தார், அதுவும் அவசரமாக. அவர் தவறாகப் படித்திருக்க எவ்வளவோ வாய்ப்பு இருக்கிறது. கோர்ட்டிலும் இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பார்கள், சொல்வதற்கு இந்தப் பக்கத்தில் இனி வேறு ஆள் இல்லை. விளக்கைக் கொஞ்சம் இப்படித் தள்ளுங்கள் ஐயா, நான் படிக்கிறேன், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.