மேட்டுப் பெஞ்சும் எட்டாவது செடியும்

பெஞ்சு என்றால் முதுகு சாய இடம் வேண்டும். கடலோர மேட்டில் இருந்த பெஞ்சில் அது இருந்தது. முன்னால் கடல், கழுத்தைத் திருப்பினால் எங்கள் தெரு முழுக்கத் தெரியும். நான் கடலைப் பார்த்ததாக யாரும் சொல்ல மாட்டார்கள். தபால்காரர் எந்த வீட்டில் தண்ணீர் குடிக்க அதிக நேரம் எடுக்கிறார், தையல்காரியின் மருமகள் எப்போது கோபித்துக்கொண்டு கிளம்புகிறாள், எல்லாம் எனக்கு அத்துப்படி.

பக்கத்து வீட்டுக்காரிக்குத் தெருவில் பூக்காரி என்று பெயர். பூ விற்றவள் இல்லை, சார். அந்த மேட்டு விளிம்பில் மட்டும் முளைக்கும் ஓர் ஊதாப் பூவை எண்ணுவதுதான் அவள் உத்தியோகம். சட்டைப் பொத்தான் அளவு; மதியத்துக்குள் சுருங்கிவிடும். வேறெங்கும் கிடையாதாம். அதற்கொரு ஆபீஸ், ஒரு சம்பளம்.

கண்ணாடி போட்டும் பத்தடிக்கு அப்பால் அவளுக்கு எல்லாம் புகைதான். அதனால் செடி இருக்கும் இடத்தில் வெள்ளைத் துணி கட்டிய குச்சி. அடியில் மண் அரித்துப்போன இடத்தில் சிவப்பு. குச்சியை நம்பித் தவழ்ந்து தவழ்ந்து எண்ணுவாள். அளவு நாடாவின் மறுமுனை என் கையில்.

போன மாதம் சொன்னாள்: "ஏழுதான்க்கா மிச்சம். பெஞ்சுக்கு வர்றவங்க மிதிச்சுடறாங்க. பெஞ்சை எடுக்கச் சொல்லி ஆபீசுக்கு எழுதிட்டேன்."

"யாருடி வர்றா? நான் ஒருத்திதானே."

"அதான்க்கா," என்று சிரித்தாள். "உங்க ஒருத்தி காலுக்கே இந்தக் கதி."

நான் கோபப்படவில்லை. மறுநாள் காலை ஒரு சிவப்புக் குச்சியைப் பிடுங்கி, அதே குழியில் வெள்ளையை நட்டேன். அவள் வந்ததும், "எட்டாவதா ஒண்ணு முளைச்சிருக்கு. உனக்காக அடையாளம் வெச்சிருக்கேன்," என்றேன்.

"நெசமாவா அக்கா?"

அந்தத் தெருவில் என் வாயிலிருந்து வந்த சேதி இதுவரை பொய்த்ததில்லை. முகமெல்லாம் பூரிப்பாக, நாடாவைக்கூட மறந்து தவழ்ந்து போனாள். நான் தள்ளவில்லை. விளிம்பு மொத்தமாகச் சரிந்தது. அந்த ஏழு செடியும் கூடவே போயிற்று. இனி எண்ண ஒன்றுமில்லை என்று உங்கள் ஸ்டேஷன் ஆட்களே சொன்னார்கள்.

கீழே பாறையில் கிடந்தாள். உயிர் இருந்தது. "அக்கா, யாரையாவது கூப்பிடுங்க," என்றாள். திரும்பிப் பார்த்தேன். தபால்காரர் தையல்காரி வாசலில் நின்றிருந்தார். ஒரு குரல் கொடுத்தால் ஓடி வந்திருப்பார். கொடுக்கவில்லை. மதியம் கடல் ஏறும் என்பது எனக்குத் தெரியும். ஏறியது.

அதுவரை அவள் கூப்பிட்டதற்கெல்லாம் "உம்" கொட்டிக்கொண்டிருந்தேன். பாவம், அனாதையாகச் சாகவில்லை, சார். கடைசிவரை நான் இருந்தேன். அந்தத் தெருவில் வேறு யார் அவளுக்காக அவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பார்கள்?