கதாநாயகன் ஒன்றும் செய்யவில்லை

பெருமாயி: அந்தப் பத்திரிகை சார் என்னதான் சொன்னாரு? கதை நல்லாருக்குன்னாரா, இல்லையா?

பிச்சையா: நல்லாருக்குன்னுதான் சொன்னாரு...

பெருமாயி: பெறகு ஏன் மொகம் இப்படித் தொங்குது?

பிச்சையா: இப்ப இருக்கிற மாதிரி பத்திரிகையில போட முடியாதாம்.

பெருமாயி: இதுக்கா ஞாயித்துக்கெழமையும் அதுவுமா மழையில நனைஞ்சுக்கிட்டு கோடைக்கானல் வரைக்கும் போனீங்க? துண்டைக் கழட்டுங்க, சொட்டச் சொட்ட நிக்கிறீங்க. இந்தாங்க, தேயிலைச் சாயத்தண்ணி.

பிச்சையா: சின்னவ லீலா எங்க?

பெருமாயி: வெறகுக்குப் போயிருக்கா. ஏன் போட முடியாதாம்? எழுத்துல தப்பா?

பிச்சையா: எழுத்தெல்லாம் சுத்தமா இருக்காம். கதாநாயகன்தான் ஒண்ணுமே செய்யலையாம்.

பெருமாயி: யாரு... மாடசாமியா?

பிச்சையா: ம்.

பெருமாயி: அவன்தான் விடிஞ்சதுலருந்து பொழுது சாயுற வரைக்கும் வாட்டில் மரத்துல பட்டை உரிக்கிறானே. பக்கம் பக்கமா எழுதியிருக்கீங்க. நீங்க வாசிச்சுக் காட்டயில எனக்கே கை வலிச்சுது.

பிச்சையா: அது சோலி. சோலி பாக்குறதெல்லாம் கணக்குல வராதாம்.

பெருமாயி: அவர ஒரு நா வந்து உரிச்சுப் பாக்கச் சொல்லுங்க. பெறகு கணக்குல வரும்.

பிச்சையா: கேளு புள்ள... கதையில எல்லாம் அவனுக்கு நடக்குதாம். சிலோன்லருந்து கப்பல்ல ஏத்துறாங்க, ஏறுறான். மண்டபம் கேம்ப்புல எறக்குறாங்க, எறங்குறான். காண்ட்ராக்டர் லாரியில ஏத்துறாரு, மலைக்கு வர்றான். அவனா ஒண்ணும் செய்யல. மொத்தக் கதையிலயும் அவன் வாயத் தொறந்து பேசுறது ஒரே வார்த்தை...

பெருமாயி: "சரிங்கய்யா."

பிச்சையா: உனக்கும் தெரிஞ்சிருக்கு.

பெருமாயி: கூடவே குடும்பம் நடத்துறேன்ல.

பிச்சையா: படிக்கிறவன் இந்த மாதிரி ஆளு பின்னாடி எம்புட்டுத் தூரம் வருவான்னு கேக்குறாரு. அவன் ஏதாச்சும் செய்யணும். தோத்தாலும் பரவால்ல, செஞ்சு தோக்கணுமாம்.

பெருமாயி: நல்ல மனுசராத்தான் இருக்காரு.

பிச்சையா: அவருக்கென்ன, அச்சாபீசுல கதவச் சாத்திக்கிட்டுச் சொல்லலாம்.

பெருமாயி: நீங்க என்ன சொன்னீங்க?

பிச்சையா: என்னத்தச் சொல்ல...

பெருமாயி: சரிங்கன்னுட்டு வந்தீங்களாக்கும்.

பிச்சையா: கிண்டல் பண்ணாத புள்ள.

பெருமாயி: நேத்து ஜீப்பு வந்துச்சே. காண்ட்ராக்டர்கிட்டயும் அதான் சொன்னீங்களோ?

பிச்சையா: இல்ல இல்ல. லீலாவப் பத்தி யோசிச்சுச் சொல்றேன்னேன்.

பெருமாயி: யோசிச்சு...

பிச்சையா: நாளைக்கு வெள்ளனே வர்றேன்னுருக்காரு. அவரு தங்கச்சி வீட்டுல கொழந்தையப் பாக்க ஆளில்லையாம்.

பெருமாயி: எப்பேர்ப்பட்ட ஆளு பாருங்க! நம்ம மூத்தவ போய்ச் செத்த வீட்டுக்கே எளையவளையும் கேக்குறான்.

பிச்சையா: மெல்லப் பேசு. லயத்துல பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்.

பெருமாயி: கேக்கட்டும். சரி, கதைக்கு வாங்க. அந்த ஜீப்பு வர்ற எடத்த வாசிங்க, பாப்போம்.

பிச்சையா: இப்ப எதுக்கு அது?

பெருமாயி: வாசிங்க.

பிச்சையா: "ஜீப் வந்து நின்றது. காண்ட்ராக்டர் இறங்கவில்லை. உள்ளே இருந்தபடியே, மாடசாமி, உன் மூத்த மகள், என்றார். மாடசாமி தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சரிங்கய்யா, என்றான்."

பெருமாயி: இதப் படிச்சுட்டு சார் ஒண்ணும் கேக்கலையா?

பிச்சையா: கேட்டாரு. காண்ட்ராக்டர் இன்னும் ஒண்ணுமே கேக்கல, அதுக்குள்ள ஏன் சரிங்கறான்னாரு. சிலோன் எஸ்டேட்டுல காலையில பெரட்டுக் களத்துல கங்காணி பேரு கூப்பிடுவாரு, கூப்பிட்ட ஒடனே கொரல் குடுக்கணும், இல்லன்னா அன்னிக்குப் பேரு விழாது, வேலை கெடையாதுன்னு சொன்னேன். எங்க அப்பனும் அப்படி, தாத்தனும் அப்படி. பேரக் கேட்டதும் வாயி தானா சொல்லிருதுங்க சார்னேன்.

பெருமாயி: சிரிச்சாரா?

பிச்சையா: சிரிக்கல.

பெருமாயி: நம்ம மூத்தவ வேலுத்தாயி அப்படித்தான் போனா.

பிச்சையா: அவரு என் பேரத்தான் கூப்பிட்டாரு. புள்ளைய அனுப்பக் கேக்குறாருன்னு நான் எங்க கண்டேன்...

பெருமாயி: ஜீப்புல ஏத்துனாங்களே, அப்பக் கண்டீங்கல்ல? கெணத்த ஏன் எழுதாம விட்டீங்க?

பிச்சையா: எழுத முடியல. "மகள் கீழே வேலைக்குப் போய்விட்டாள்"னு முடிச்சுட்டேன்.

பெருமாயி: வேலைக்குப் போனவ வந்திருக்கணும்ல. கெணத்துல விழுந்துட்டான்னு ஆளு விட்டானுங்க. நாம மலையெறங்கிப் போறதுக்குள்ள எரிச்சுட்டு வாசலையும் கழுவி விட்டுட்டானுங்க. மொகத்தக்கூடப் பாக்கல நான்.

பிச்சையா: போதும் புள்ள...

பெருமாயி: போதாது. ஜீப்பு கெளம்புனதுக்கு அடுத்த வரி என்ன?

பிச்சையா: அது எதுக்கு...

பெருமாயி: எனக்கு மனப்பாடம். "மனைவி அழுதாள்." அம்புட்டுத்தான். பேரு கூட இல்ல அவளுக்கு. நான் எங்கங்க அழுதேன் அன்னிக்கு? ஜீப்பு பின்னாடியே ஓடுனேன். ரோட்டு வளைவுல விழுந்து முட்டியெல்லாம் பேந்து போச்சு. எந்திரிச்சு மறுபடி ஓடுனேன். அழுகையெல்லாம் பெறகுதான் வந்துச்சு.

பிச்சையா: கதை அப்பனப் பத்தினது...

பெருமாயி: ஒண்ணும் செய்யாம நின்னவனுக்குப் பக்கம் பக்கமா. ஓடுனவளுக்கு ரெண்டே வார்த்தை.

பிச்சையா: அப்படி இல்ல...

பெருமாயி: வேற எப்படி? சொல்லுங்க. கோவமாக் கேக்கல, தெரிஞ்சுக்கத்தான் கேக்குறேன்.

பிச்சையா: நீ ஓடுனத எழுதினா... நான் நின்னது தெரிஞ்சிரும்ல. நீ உக்காந்து அழுதாத்தான், நான் நின்னது தப்பாத் தெரியாது. வெக்கமா இருக்கு பெருமாயி. அந்த சார் முன்னாடி கூட அவ்வளவு வெக்கமா இல்ல.

பெருமாயி: குடிங்க. ஆறிப் போச்சு.

பிச்சையா: வர்ற வழியெல்லாம் யோசிச்சுக்கிட்டேதான் வந்தேன். ஜீப்பு முன்னாடி போய் மாடசாமிய நிக்க வைக்கலாம்னு.

பெருமாயி: நின்னு?

பிச்சையா: "என் மகளை அனுப்ப மாட்டேன்"னு சொல்றான்.

பெருமாயி: சொன்னா?

பிச்சையா: லயத்த விட்டு எறக்குவாங்க. பட்டை வேலையும் போயிரும்.

பெருமாயி: போகட்டும். பெறகு?

பிச்சையா: பெறகு... தெரியல. அதுக்கு மேல எழுத வரமாட்டேங்குது. அவன் அப்படிச் சொல்லுவான்னு எனக்கே நம்பிக்கை இல்ல. எழுதினாப் பொய்யாத் தெரியுது.

பெருமாயி: வராதவன ஏன் புடிச்சு இழுக்குறீங்க? அவன விட்டுட்டு, அவ பின்னாடி போங்க.

பிச்சையா: யாரு பின்னாடி?

பெருமாயி: அந்தப் பேரில்லாதவ பின்னாடி. மொதல்ல அவளுக்கு ஒரு பேரு வைங்க.

பிச்சையா: பொம்பளைய வச்சா... அவ என்ன செய்வா?

பெருமாயி: ஒரு தடவ ஓடிப் பாத்துட்டால்ல. ஜீப்பு கெளம்புன பெறகு ஓடிப் பிரயோசனமில்லன்னு இப்ப அவளுக்குத் தெரியும்.

பிச்சையா: ம்... அப்ப ஜீப்பு வர்றதுக்கு முன்னாடியே ஏதோ செய்யணும்.

பெருமாயி: செய்யணும்.

பிச்சையா: புருசன்கிட்டச் சொல்லிட்டா?

பெருமாயி: புருசன் எப்படிப்பட்டவன்னு பாத்துத்தான்.

பிச்சையா: அவன் தடுப்பானா?

பெருமாயி: தடுக்கவும் மாட்டான். பயந்துபோய் யாருகிட்டயாவது வாயத் தொறந்துருவான். அதனால சொல்ல மாட்டா.

பிச்சையா: நல்லாருக்கு புள்ள... நெசமாவே நல்லாருக்கு. சார் இதப் போடுவாரு. லீலாவக் கூப்பிடு, மைப் பேனாவ எடுத்துட்டு வரச் சொல்லு. மறந்துபோறதுக்குள்ள ரெண்டு வரி எழுதி வச்சுக்கிறேன்.

பெருமாயி: ...

பிச்சையா: வெளிய மஞ்சு எறங்கிருச்சு, கையி தெரியல. இன்னுமா வெறகு பொறுக்குறா? ஏன் பேசாம இருக்க?

பெருமாயி: யோசிச்சுச் சொல்றேன்னு காண்ட்ராக்டர்கிட்டச் சொன்னதா சொன்னீங்கல்ல?

பிச்சையா: ஆமா... அதான் சொன்னேன்.

பெருமாயி: நேத்து நான் கொழாயடியிலதாங்க நின்னேன். அவன் உங்க பேரக் கூப்பிட்டான், நீங்க துண்டை எடுத்துட்டு "சரிங்கய்யா"ன்னீங்க. என் காதுல விழுந்துச்சு. லீலா வெறகுக்குப் போகல. நீங்க கோடைக்குக் கெளம்புனதும் எங்க அண்ணன் வந்து, சந்தைக்கு வந்த உருளைக்கெழங்கு லாரியில அவளப் போளூருல தன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருச்சு. விடியக்கால ஜீப்பு வந்தா நான் பேசிக்கிறேன். அவன் பேரு கூப்பிடயில நீங்க வாயத் தொறக்காம இருந்தாப் போதும்.