கோப்பை கழுவும் சத்தம்

அடுத்தவர் சாப்பிட்ட கோப்பையைக் கழுவ நான் ஒருநாளும் அருவருத்ததில்லை. மொழிபெயர்க்கிற தம்பி முகிலன் தமிழ்நாட்டுப் பிள்ளை, கோப்பை என்றதும் தேநீரை நினைத்துவிடுவார். தம்பி, நாங்கள் சாப்பாட்டுத் தட்டைத்தான் கோப்பை என்போம். பொலிஸ் ஐயாவுக்குச் சரியாகச் சொல்லிவிடுங்கள். பாரிஸுக்கு வந்த நாளிலிருந்து முதுகு போகும்வரை ரெஸ்ரோரண்ட் குசினிகளில் கோப்பை கழுவினேன். மென்று துப்பிய கொழுப்பு, சிகரெட் குத்தி அணைத்த சோஸ், உதட்டுச் சாயம் ஒட்டிய விளிம்பு எல்லாம் இந்தக் கை பட்டுப் போனவைதான். கழுவினால் போய்விடும். கழுவியும் போகாத அருவருப்பு ஒன்று இருக்கிறது, அதைப் பற்றித்தான் நீங்கள் கேட்கிறீர்கள்.

மடம் என்று நாங்கள் மரியாதையாகக் கூப்பிட்ட நோரீன் ஹாஸ்கெலை உங்களுக்கு அவர் செத்த பிறகுதான் தெரியும். லா சப்பலில் எங்கள் மாடியில், எங்கள் கதவுக்கு நேரெதிர்க் கதவு அவருடையது. அமெரிக்கக்காரி. பெரிய கவிஞர் என்றார்கள். அவருடைய கதையெல்லாம் என் மனைவி தில்லைநாயகி சொல்லித்தான் அறிந்தேன். நெப்ராஸ்கா என்ற மாட்டுச் சீமையில் பிறந்தவராம். தகப்பன் சந்தையில் மாடு ஏலம் கூறுகிறவர். மூச்சு விடாமல் விலை கூறிய அந்த வாயைப் பார்த்துத்தான் இவருக்குக் கவிதை பிடித்ததாம். முதல் புத்தகத்தில் சொற்கள் இருந்தன. அடுத்ததில் பாதிப் பக்கம் வெள்ளை. அதற்கும் அடுத்ததில் பக்கத்துக்கு ஓர் எழுத்து. நியூயோர்க்கில் சிலர் தலையில் தூக்கி வைத்தார்கள், சிலர் சிரித்தார்கள், புருசன் விட்டுவிட்டுப் போனான். பிறகு அந்த ஓர் எழுத்தையும் கைவிட்டு, தொண்டையை மட்டும் வைத்துக்கொண்டார். மூச்சு, விக்கல், முனகல், ஊளை. அதற்கும் பரிசு கொடுத்தார்கள். பாரிஸில் ஓர் அரங்கம் அழைத்தது. வந்தவர் திரும்பிப் போகவில்லை.

காலையில் குசினி மேசையில் ஒலிப்பதிவுக் கருவியைப் போட்டால் படுக்கும்வரை நிறுத்தமாட்டார். நாள் முழுக்கப் பயிற்சி. வந்த புதிதில் யாரோ கொலை செய்கிறார்கள் என்று பயந்து பொம்பியேயை, அதுதான் தீயணைப்புக்காரர்களை, கூப்பிட்டவர்கள் உண்டு. அவர்கள் ஏறி வந்து பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். பிறகு எங்கள் கட்டிடத்தில் எவரும் அந்தச் சத்தத்தைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. இதை நினைவில் வைத்திருங்கள்.

இரண்டாயிரத்து ஒன்பது மே மாதம் எங்களுக்கு என்ன மாதம் என்று தம்பி உங்களுக்குச் சொல்வார். தில்லையின் தம்பி துஷ்யந்தன் பெண்சாதி பிள்ளைகளோடு வன்னிக்குள் நின்றான். செட்டிகுளம் முகாமிலிருந்து ஊர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் சொன்னார், அவர்கள் இருந்த பதுங்கு குழியிலிருந்து ஒருத்தரும் வெளியே வரவில்லை என்று. தில்லை நிலத்தில் விழுந்து கத்தினாள். கதவு திறந்து கிடந்தது. மடம் வந்து அவளுக்குப் பக்கத்தில் நிலத்திலேயே இருந்து கையைப் பிடித்தார். மடியில் அந்தக் கருவி. என்னைப் பார்த்துச் சைகையால் கேட்டார். அந்த நாட்களில் வெள்ளைக்காரர் யாராவது கமராவோடு தெருவில் நின்றால் நாங்கள் ஓடிப்போய் முன்னால் நிற்போம். எழுதுகிற மனிசி, அமெரிக்கா, கொண்டுபோய் உலகத்துக்குக் காட்டுவார் என்று நினைத்தேன். "ஓம், ஓம், எடுங்கோ. உங்கட ஆக்களுக்குக் காட்டுங்கோ" என்றேன். மெர்சி என்று நன்றி வேறு சொன்னேன்.

காட்டினார். அடுத்த குளிர்காலம், அந்த அரங்கத்தில். எனக்கும் அழைப்பு வந்தது, தில்லைக்குச் சொல்லாமல் தனியே போனேன். வாசலில் வைன், சீஸ், நனைந்த கோட்டு மணம். விளக்கை அணைத்தார்கள். நாலு மூலையிலிருந்தும் என் மனைவி அழுதாள். இழுத்து, நறுக்கி, திருப்பித் திருப்பிப் போட்டிருந்தார். "என்ர துஷி, என்ர துஷி" என்ற இடம் எத்தனையோ தரம் வந்தது. பின்னால் எங்கள் வீட்டு ரீவியில் தமிழ்ச் செய்தி வாசிக்கிற பிள்ளையின் குரல் வரவரப் பெரிதாகிக்கொண்டு போனது. எனக்கு முன்னால் ஒருவர் கண்ணை மூடித் தலையாட்டினார். பக்கத்தில் ஒரு பெண் பாண் துண்டில் சீஸைத் தடவி, சத்தம் வராமல் மென்றாள். அந்தத் தாடை அசைவதைப் பார்த்தேன். சீ, இதுவும் ஒரு சனமா என்று இருந்தது. முடிந்ததும் எழுந்து நின்று கைதட்டினார்கள். மடம் வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். அவருடைய வாயோர ஈரம் என் கன்னத்தில் பட்டது. வீட்டுக்கு வந்து கோப்பை கழுவும் சவர்க்காரத்தால் கன்னத்தைத் தேய்த்தேன். தோல் சிவந்ததே தவிர வேறொன்றும் ஆகவில்லை.

தில்லை அவரோடு ஒட்டிக்கொண்டது எனக்கு விளங்கவே இல்லை. புட்டு அவித்தால் ஒரு பங்கு எதிர்க் கதவுக்குப் போகும். மடத்துக்கு இடுப்பெலும்பு மாற்றியபோது இவள்தான் குளிக்க வார்த்தாள். அவர் வீட்டுத் திறப்பு, அதுதான் சாவி, ஒன்று எங்கள் ஆணியில் தொங்கியது. எங்களைப் பிழிந்து குடித்த வாய்க்கு இவள் ஊட்டிவிடுகிறாள் என்று நான் மனதுக்குள் நினைத்துக்கொண்டதுண்டு. வருடங்கள் போயின.

அன்றைக்குத் தில்லை பாரிஸுக்கு வெளியே கார்ஜிலிருக்கும் தமக்கை வீட்டுக்குப் போனாள். போகும்போது சொன்னாள்: "இஞ்சாருங்கோ, மடத்துக்கு ரசம் வைச்சிருக்கிறன். ஆற முதல் கொண்டுபோய்க் குடுங்கோ."

ஆணியிலிருந்த திறப்பால் கதவைத் திறந்து கொண்டுபோனேன். மடம் குசினி நிலத்தில் கிடந்தார். முகத்தில் ஒரு பக்கம் தொங்கிவிட்டது. வாய் கோணி, எச்சில் கழுத்துவரை வடிந்திருந்தது. எங்கள் ரெஸ்ரோரண்டில் ஒரு சமையல்காரர் இப்படித்தான் விழுந்தார். பொம்பியே உடனே வந்ததால் பிழைத்து, இன்றைக்கும் ஓல்னேயில் பேரனோடு பந்தடிக்கிறார். ஆகவே எனக்குத் தெரியாது என்று சொல்லமாட்டேன்.

மடம் நல்ல கையை நீட்டி நாற்காலியிலிருந்த தொலைபேசியைத் தேடினார். அதை எடுத்து அலுமாரிக்கு மேலே வைத்தேன். தலைக்குக் கீழே ஒரு தலையணை கொடுத்தேன், நான் மிருகம் இல்லை. எச்சிலைத் துடைத்துவிட்டிருக்கலாம். அதற்கு மட்டும் கை போகவில்லை. அவர் ஓலமிடத் தொடங்கினார். சொல் வேண்டாம் என்று வாழ்ந்த மனிசிக்கு இப்போது ஒரு சொல் தேவைப்பட்டது, அது வரவில்லை. "தி, தி" என்று திக்கினார். கடைசியில் "தில்லை" என்று தெளிவாகவே வந்தது. "அவ கார்ஜுக்குப் போட்டா" என்றேன். கேட்டால் பதில் சொல்லவேண்டும்தானே.

தொட்டி நிறைய ஊத்தைக் கோப்பைகள் கிடந்தன. சும்மா நிற்க எனக்குப் பழக்கமில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுக் கழுவத் தொடங்கினேன். கழுவிய கோப்பையை அடுக்குவதற்கு முன் தொட்டி விளிம்பில் இரண்டு தரம் தட்டித் தண்ணீரை வடிப்பது என் வழக்கம். குசினிகளில் பழகியது. வீட்டிலும் அப்படித்தான், விளிம்பு உடைந்துபோகும் என்று தில்லை பேசுவாள். மேசையில் கருவியின் சிவப்பு வெளிச்சம் எரிந்துகொண்டிருந்தது. நிறுத்தத் தோன்றவில்லை. அது அவருடைய தொழில், நான் ஏன் கைவைக்கவேண்டும்.

இடையில் கதவு தட்டப்பட்டது. மேல்மாடி செபஸ்தியாம்பிள்ளை.

"என்ன அரியண்ணை, மனிசி இண்டைக்கு உயிர் போறமாதிரிக் கத்துது?"

"பழகிறா. வாற மாதம் நிகழ்ச்சியாம்."

"இதையும் காசு குடுத்துக் கேக்கிறாங்கள் பாருங்கோ" என்று சிரித்துக்கொண்டு படியிறங்கிப் போனார். அவரைப் பிழை சொல்லாதீர்கள். நல்ல மனிசன்.

கடைசிக் கோப்பையை அடுக்கும்போது சத்தம் மூச்சாகிவிட்டது. பிறகு மூச்சும் இல்லை. தொட்டியைத் துடைத்து, துணியைப் பிழிந்து காயப்போட்டு, தொலைபேசியை இருந்த இடத்தில் வைத்துவிட்டு வந்தேன். பின்னேரம் தில்லைதான் போய்க் கண்டாள், அவள்தான் பொம்பியேயைக் கூப்பிட்டாள். மத்தியானம் ரசம் கொடுத்தபோது நன்றாக இருந்தார் என்று அவளிடம் சொன்னேன். அவள் நம்பினாள். வைத்தியர் வயதையும் இரத்த அழுத்தத்தையும் சொன்னார்.

கருவியை அவருடைய கூட்டாளிகள் எடுத்துப் போனார்கள். வசந்தத்தில் அதே அரங்கத்தில் நினைவுக் கூட்டம். தில்லை நல்ல சேலை உடுத்துக்கொண்டு புறப்பட்டாள். போகாவிட்டால் கேள்வி வரும் என்று நானும் போனேன். கண்ணாடி போட்ட ஒருவர் எழுந்து, மடம் தம் கடைசிப் படைப்பைச் செய்துமுடித்தே போயிருக்கிறார், ஒரு துளியும் வெட்டாமல் போடுகிறோம் என்றார். மூச்சுக்கு வீட்டு வாழ்வு மறுமொழி சொல்கிறதாம், தண்ணீராலும் கோப்பையாலும். போட்டார்கள். ஓலம். குழாய்த் தண்ணீர். டக், டக். மறுபடி தண்ணீர். டக், டக். தில்லையின் கை என் கைக்குப் பக்கத்தில் இருந்தது. அதை மெல்ல எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவளுடைய பெயர் வந்தது. பிறகு என் குரல், "அவ கார்ஜுக்குப் போட்டா." பிறகு செபஸ்தியாம்பிள்ளை. பிறகு "பழகிறா." சுற்றியிருந்தவர்களுக்குத் தமிழ் சங்கீதம்போல் இருந்திருக்கவேண்டும், ஒருத்தி புன்னகைத்தாள். கடைசியில் நெடுநேரம் கைதட்டினார்கள். பார்க்கிறார்கள் என்று நானும் தட்டினேன்.

வீட்டுக்கு வந்து தில்லை கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"அது நீங்கள்தானே."

"ஓம். உமக்காகத்தான். உம்மட அழுகையைப் போட்டுக் கேட்டுக்கொண்டு வைன் குடிச்சவை. நான் என்ர கண்ணால பாத்தனான். நீர் தாங்கமாட்டீர் எண்டுதான் இவ்வளவு காலமும் சொல்லேல்லை."

அவள் கத்தவில்லை.

"ஆர் சொன்னது எனக்குத் தெரியாதெண்டு? அவ முதல் முதல் எனக்கெல்லோ போட்டுக் காட்டினவ. வேண்டாமெண்டால் அழிக்கிறன் எண்டவ. நான்தான் விடச் சொன்னனான். உலகத்திலை ஒரு இடத்திலையாவது துஷ்யந்தன்ர பேர் கேக்கட்டும் எண்டு." மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "அண்டைக்கு நான் நிலத்திலை கிடந்து கத்தேக்கை அவ வந்து என்ர கையைப் பிடிச்சவ. நீங்கள் என்ன செய்தனீங்கள்? சனத்துக்குக் கேக்கப்போகுது எண்டு ரீவிச் சத்தத்தைக் கூட்டினனீங்கள். அதுவும் அதிலை கிடக்கு. கேட்டனீங்கள்தானே."

விடிந்ததும் அவள் உங்களிடம் வந்தாள். நீங்கள் என்னை அழைத்தீர்கள். தொலைபேசியை எட்டாத இடத்தில் வைத்தது நான். செபஸ்தியாம்பிள்ளையைத் திருப்பி அனுப்பியது நான். அவர் சாகும்வரை பக்கத்தில் நின்று கோப்பை கழுவியதும் நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ரீவியைப் பற்றித் தில்லை சொல்லியிருப்பதை மட்டும் திருத்தவேண்டும், தம்பி. சத்தத்தைக் கூட்டியது உண்மை. செய்தி கேட்பதற்காகத்தான் கூட்டினேன்.